உறிஞ்சும் குழாயில் கசிவு தெரியாது

வீரகத்திக்குப் பயம் புதிதல்ல. ஷெல்லுக்குப் பயந்தவன், பாம்புக்குப் பயந்தவன், பெண்சாதி நாகேஸ்வரியின் வாய்க்கும் கொஞ்சம் பயந்தவன். ஆனால் இரண்டாயிரத்தாறாம் ஆண்டு சித்திரை மாதம், இயக்கத்தின் கையிலிருந்த கிளிநொச்சியிலிருந்து வந்து, ஓமந்தை ஆமிச் சோதனைச்சாவடிக்குப் போகும் வரிசையில் நின்றபோது பிடித்த பயம் வேறு மாதிரியானது. மடியில் முடிந்து வைத்திருந்த ஒரு சின்னத் துணிப்பையை அவன் நிமிஷத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பைக்குள் இருந்தவை இருபத்துநாலு பித்தளை வளையங்கள். அவ்வளவுதான்.

இளவயதில் அவன் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் வாயு அளக்கும் கருவிகளைப் பார்த்துக்கொண்டவன். சண்டையோடு அது மூடிப்போயிற்று. பென்சில் தடிப்பில் இருக்கும் இரண்டு உருக்குக் குழாய்களைக் கசியாமல் பொருத்த வேண்டுமென்றால் நட்டுக்குள்ளே இப்படி ஒரு வளையம் இருக்க வேண்டும். இறுக்க இறுக்க அது குழாயைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். ஐந்து இடப்பெயர்விலும் சட்டி பானையை விட்டுவிட்டு இந்த வளையங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய மனுசன் அவன். நாகேஸ்வரி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். கடைசியில் செட்டிகுளத்திலிருந்து இஸ்ஸதீன் நானா ஆளனுப்பிக் கூப்பிட்டபோது, “பாத்தியே, நான் சும்மா காவித் திரியேல்லை” என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு புறப்பட்டிருந்தான்.

இஸ்ஸதீன் முல்லைத்தீவுக்காரர். தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு இயக்கத்தால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளத்தில் பன்னிரண்டு வருஷம் கிடந்து, சமாதானம் என்று சொன்னதும் செட்டிகுளத்துக்கு வந்து அரிசி மில் போட்டவர். மின்சாரம் நினைத்தால் வரும் ஊரில், உமியை வைத்தே எஞ்சின் ஓட்ட ஒரு வழி செய்திருந்தார். காற்றைக் குறைத்து உமியைக் கனல விட்டால் ஒரு வாயு வரும். அதைக் குளிரவைத்து, மரத்தூள் அடைத்த ஓர் இரும்புத் தாங்கிக்குள் விட்டுத் தாரை வடித்து, எஞ்சினுக்குக் கொடுத்தால் மில் ஓடும். அந்த வாயுவில் ஐந்திலொரு பங்கு காபனோரொட்சைட்டு என்ற நஞ்சு. தார் மணக்கும், புகை மணக்கும், ஆனால் ஆளைக் கொல்லுகிற அந்தப் பங்குக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. நாலு மூச்சு இழுத்தால் கால் மடங்கும்.

இரண்டு கிழமைக்கு ஒருதரம் அந்தத் தாங்கிக்குள் ஓர் ஆள் இறங்கித் தாரைச் சுரண்ட வேண்டும். இதுவரை மூடிகளைத் திறந்து ஒரு பகல் ஓரிரவு ஆறவிட்டுத்தான் இறங்கினார்கள். போகம் வெட்டி நெல் மூட்டை கூரைமட்டும் ஏறி நிற்கும் நாளில் அந்தத் தாமதம் கட்டாது. அதற்காகத்தான் கொழும்பிலிருந்து வாயு அளக்கும் மெசினும் குழாய்களும் வந்து இறங்கியிருந்தன. வளையம் மட்டும் வரவில்லை. “அது என்னட்டைக் கிடக்கு நானா” என்று வீரகத்தி சொல்லியனுப்பியிருந்தான்.

வரிசையில் பின்னால் நின்ற ஒருவன் கதை சொல்லிக்கொண்டு வந்தான். போன கிழமை சைக்கிள் கடைக்காரன் ஒருத்தனைப் பொக்கெற்றில் கிடந்த இரும்பு உருண்டைகளுக்காகப் பிடித்துக்கொண்டு போனார்களாம். உண்மையோ பொய்யோ, வீரகத்தி மனதுக்குள் பதில் சொல்லிப் பார்த்தான். ‘இது என்ன?’ என்று கேட்டால் ‘குழாய்க்குப் போடுறது’ என்பான். ‘என்ன குழாய்?’ என்று அடுத்த கேள்வி வரும். அந்த வருஷத்தில் குழாய், வயர், இரும்பு என்று வாயெடுத்தவன் வீட்டுக்குப் போய்ச் சேர்வது நிச்சயமில்லை. ஒதுங்கப் போகிறவன்போல் வரிசையைவிட்டு விலகி, பையை அவிழ்த்துப் பற்றைக்குள் எறிந்தான். எறிந்த பிறகுதான் பற்றையில் தொங்கிய சிவப்பு மிதிவெடிப் பலகையைக் கண்டான். இனி எடுக்க முடியாது.

சாவடியில் நின்ற சிப்பாய் அவனுடைய சோற்றுப் பார்சலைப் பிரித்து மோந்து பார்த்தான். கருவாட்டுக் குழம்பு பிடித்திருக்க வேண்டும், சிரித்தான். மடியைத் தொடவே இல்லை. போ என்று கையைக் காட்டினான். வீரகத்திக்கு அழுகை அழுகையாக வந்தது.

மில் வாசலிலேயே இஸ்ஸதீன் கேட்டார்.

“வளையம் கொண்டு வந்தீங்களா தம்பி?”

“ஓம் நானா.”

பொய் என்று தெரிவதற்குள் அது வெளியே வந்துவிட்டது. எறிந்துவிட்டேன் என்றால் ஏன் எறிந்தாய் என்பார்கள். எறிவதற்கு என்ன இருந்தது என்பார்கள். கிளிநொச்சிப் பக்கத்திலிருந்து வந்தவன் சோதனைச்சாவடிக்கு முன்னால் எதையோ எறிந்தான் என்ற கதை மில்லிலிருந்து தேத்தண்ணிக் கடைக்குப் போக எவ்வளவு நேரம் எடுக்கும்? அங்கேயிருந்து வேறெங்கே போகும்? அதை நினைத்ததும் வாயை மூடிக்கொண்டான்.

பொருளாதாரத் தடைக் காலத்து மூளை ஒன்று வன்னியில் எல்லோருக்கும் உண்டு. மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய மூளை அது. பழைய சைக்கிள் ரியூப்பை நாடா நாடாவாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி, மேலே செப்புக் கம்பியால் வரிந்து கட்டினால் தண்ணீர்ப் பம்பின் எந்த ஓட்டையும் நிற்கும். வீரகத்தி பத்து வருஷம் அப்படிக் கட்டினவன். இங்கேயும் நட்டுகளுக்குள் ரப்பரைக் கட்டி இறுக்கினான்.

வேலையை மற்றபடி ஒழுங்காகத்தான் செய்தான். தாங்கியின் பக்கத்தில் துளையிட்டு உள்ளே நீட்டிய குழாய், அதன் வாயில் தூசி பிடிக்க ஒரு வடி, வெளியே ஒரு வால்வு. அங்கிருந்து மெசின் இருக்கும் சின்ன அறைவரை நாற்பது அடி. குழாய் தாழ்ந்து தொய்யும் இடத்தில் தண்ணீர் தேங்கி அடைக்கும் என்பதால் ஒரே சரிவாக மட்டம் பிடித்துக் கட்டினான். அறைக்குள் நீர் பிடிக்கும் கண்ணாடிக் குடுவை, பிறகு மெசின். அளந்து முடிந்த வாயு அறைக்குள் நிற்காமல் கூரைக்கு மேலே போக இன்னொரு குழாய்.

பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவன் சின்னராசா. தாங்கிக்குள் இறங்குவது அவன் வேலை. குடியேற்றத் திட்டத்தில் இரண்டு ஏக்கர் வயல், மில்லில் கூலி, வாயில் எந்நேரமும் பகிடி. அவனுடைய பெண்சாதி சிவலட்சுமி முற்றத்தில் அவித்த நெல்லைக் காயவைத்துக்கொண்டிருப்பாள்.

“என்ன அண்ணை, குழாய்க்குச் சாரம் உடுத்தி விடுறியள்?” என்றான் சின்னராசா, ரப்பர்ச் சுற்றைப் பார்த்து.

“உள்ளுக்கை வளையம் கிடக்கு. இது மேலுக்குப் பாதுகாப்பு” என்றான் வீரகத்தி. இரண்டாவது பொய்க்கு அவ்வளவு கஷ்டம் இருக்கவில்லை.

மெசினின் முகப்பில் விரலளவு கண்ணாடிக் குழல் ஒன்று, அதற்குள் ஒரு சின்னப் பாசிமணி. குழாயில் வாயு ஓடினால் மணி மிதக்கும், ஓட்டம் நின்றால் விழும். வால்வைப் பூட்டிவிட்டுப் பம்பைப் போட்டான். மணி சட்டென்று விழுந்தது. அப்படியென்றால் வழியில் எங்கும் கசிவில்லை. வீரகத்தி பெருமூச்சு விட்டான். தடைக்கால மூளை தோற்கவில்லை என்று கொஞ்சம் கர்வமும் வந்தது.

இரண்டு நாள் மெசின் பிசகாமல் சொன்னது. எஞ்சின் ஓடும்போது காபனோரொட்சைட்டு நூற்றுக்குப் பதினெட்டு, ஒட்சிசன் ஒன்று. இஸ்ஸதீன் வந்து வந்து எண்களைப் பார்த்து, பேரப்பிள்ளையைப் பார்க்கிறவர்போல் சிரித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காலை எஞ்சினை நிறுத்தினார்கள். தாங்கியின் மூடிகளைத் திறந்து மின்விசிறியால் ஒரு மணித்தியாலம் காற்றடித்தார்கள். பிறகு வீரகத்தி பம்பைப் போட்டான். எண்கள் ஓடி நின்றன. காபனோரொட்சைட்டு பூச்சியம். ஒட்சிசன் இருபது தசம் ஒன்பது. வெளியே நாங்கள் மூச்சுவிடும் அதே காற்று.

“இறங்கலாமே அண்ணை?” என்றான் சின்னராசா.

“ஓம், இறங்குங்கோ.”

“நான் செத்தா உங்கட மெசினையும் என்ர தலைமாட்டிலை வைச்சுக் கொளுத்துங்கோ.”

“வாயைக் கழுவு” என்று முற்றத்திலிருந்து சிவலட்சுமி கத்தினாள்.

இஸ்ஸதீன் விடாப்பிடியாக அவனுடைய கமக்கட்டுக்குக் கீழே கயிறு கட்டினார். தன்னை மாடு மாதிரிக் கட்டுகிறார் முதலாளி என்று சின்னராசா முனகினான். அந்த நேரம் பார்த்து நெல் லொறி ஒன்று வாசல் படலையில் வந்து நின்றது. கயிற்றின் மறுமுனையைத் தாங்கியின் இரும்புப் படியில் முடிந்துவிட்டு அவர் லொறிக்காரனிடம் போனார். மெசின் சரியென்று சொன்ன பிறகு அவருக்கு என்ன பயம்? தாங்கிக்குள்ளிருந்து சுரண்டும் சத்தம் கேட்கத் தொடங்கியது. சர், சர், சர்.

வீரகத்தி அறைக்குள் நின்று கைகளைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே நீர்க்குடுவையைப் பார்த்தான். அது காய்ந்து கிடந்தது. இரண்டு நாளாகப் பம்பைப் போட்டதும் முதலில் அந்தக் கண்ணாடிதான் வியர்க்கும். தாங்கிக்குள் இருப்பது ஈர மரத்தூள். அதன் காற்று ஈரமில்லாமல் எப்படி வரும்? தார் ஊறிய மரத்தூள் வாயுவைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே விடும், ஒரு மணித்தியாலத்தில் சுத்தப் பூச்சியம் எப்படி வரும்? ஒன்றோ அரையோ காட்டியிருந்தால் நம்பியிருக்கலாம். இது அளவுக்குமிஞ்சி நல்ல எண்ணாக இருந்தது.

வெளியே நடந்து போய் வால்வைப் பூட்டினான். திரும்பி வந்து கண்ணாடிக் குழலைப் பார்த்தான். மணி மிதந்துகொண்டிருந்தது.

வால்வு பூட்டியிருக்கிறது, மணி மிதக்கிறது. அப்படியென்றால் மெசின் குடிப்பது தாங்கியின் வாயுவை அல்ல. வழியில் எங்கோ இருந்து முற்றத்துக் காற்றைக் குடிக்கிறது. மீண்டும் ஓடிப் போய் முதல் பொருத்தைத் தொட்டான். ரப்பர் விரலில் மென்ற புகையிலைபோல் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாள் சூடும் தார் ஆவியும் அதைக் கரைத்திருந்தன. தண்ணீர்ப் பம்பில் என்றால் ஓட்டை விழுந்த இடத்தில் தண்ணீர் பீறும், ஆளைக் கூப்பிட்டுக் காட்டும். இது உறிஞ்சும் குழாய். ஓட்டை விழுந்தால் சத்தம் போடாமல் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டு, எல்லாம் நல்லது நல்லது என்று சொல்லும். இது தொழிற்சாலையில் அவனுக்குச் சொல்லித்தந்த முதல் பாடம். தடைக்காலம் அதை மறக்கப் பண்ணிவிட்டது.

கத்த வேண்டும். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பயம் ஒன்றல்ல, பல பயங்கள் ஒரே நேரத்தில் மறித்து நின்றன. கத்தினால் ஏன் என்பார்கள். குழாயைப் பார்ப்பார்கள். வளையம் எங்கே என்பார்கள். ஆள் செத்தால் பொலிஸ் வரும், அடையாள அட்டையில் கிளிநொச்சி என்று இருக்கும், எறிந்த பையின் கதை வரும். நாகேஸ்வரி எந்த முகாம் வாசலில் போய் நிற்பாள்? ரப்பரை இப்போதே இறுக்கிக் கட்டிவிட்டால்? உள்ளே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாமே? அவன்தான் சுரண்டிக்கொண்டிருக்கிறானே? சர் என்றது தாங்கி. இன்னொரு சர். வீரகத்தி அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். எண்ணவும் செய்தான், ஏன் எண்ணினான் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒன்பதாவது சத்தம் பாதியில் இழுபட்டது. பிறகு ஏதோ மெத்தென்று விழுந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

“நானா! கயிறு! கயிறை இழுங்கோ!”

அந்தக் குரல் தன்னுடையதுதான் என்று அவனுக்கே தெரியவில்லை. படியில் பாய்ந்தேறி, மூடி திறந்த வாயிலால் எட்டிப் பார்த்தான். சின்னராசா சுவரோடு மடிந்து கிடந்தான், சுரண்டி கையில் இருந்தது. சிவலட்சுமி எங்கிருந்து எப்படி ஏறி வந்தாளோ, ஒரு காலை உள்ளே விட்டுவிட்டாள். வீரகத்தி அவளுடைய இடுப்பைச் சேர்த்துப் பிடித்தான்.

“விடு! என்ர மனுசன்! என்னை விடு!”

“உள்ளுக்கை போனா நீங்களும் சரி தங்கச்சி! கயிறிலை பிடியுங்கோ, கயிறிலை!”

இஸ்ஸதீனும் லொறிக்காரனும் வந்து சேர்ந்தார்கள். நாலு பேருமாக இழுத்தார்கள். வாயிலில் தோள் சிக்கியது. “யா அல்லாஹ், யா அல்லாஹ்” என்று இஸ்ஸதீன் ஒவ்வொரு இழுவைக்கும் சொன்னார். வெளியே எடுத்துக் கிடத்தியபோது சின்னராசாவின் முகம் செத்தவன் முகமாக வெளிறவில்லை, வெயிலில் நின்றவன்போல் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பின் அர்த்தம் வீரகத்திக்குத் தெரியும். இரத்தம் ஒட்சிசனைவிட்டு அந்த நஞ்சைப் பிடித்துக்கொண்ட சிவப்பு அது. மூக்கைப் பொத்தி வாயில் வாய் வைத்து ஊதினான். ஊதினான், ஊதினான். சின்னராசா ஒருதரம் விக்கினான், பிறகு வயிற்றிலிருந்ததைச் சத்தி எடுத்தான்.

மில் பிக்கப்பின் பின்தட்டில் போட்டுக்கொண்டு வவுனியா ஆசுபத்திரிக்கு ஓடினார்கள். வழியில் ஆமிக் காவல் சென்றியில் தடி குறுக்கே கிடந்தது. இறங்கி நின்று அட்டை காட்ட வேண்டும். வீரகத்தி நினைத்தால் அங்கேயே நழுவியிருக்கலாம். நழுவ நினைத்தான் என்பதும் உண்மை. ஆனால் சின்னராசாவின் தலை அவனுடைய மடியில் கிடந்தது, எடுத்து வைக்க மனம் வரவில்லை. சிப்பாய் அட்டையை வாங்கிக் கிளிநொச்சி என்ற இடத்தில் கண்ணை நிறுத்தினான், வீரகத்திக்கு மூத்திரம் முட்டியது. சிப்பாய் மடியில் கிடந்த முகத்தைப் பார்த்தான். தடியைத் தூக்கிவிட்டு ஓடு ஓடு என்று கையைக் காட்டினான்.

அடுத்த நாள் மத்தியானம், பார்வையாளர் நேரம். சின்னராசா மூக்கில் குழாயோடு கண்ணை மூடிக் கிடந்தான். கூப்பிட்டால் பதில் சொன்னான், தலை வெடிக்கிறது என்றான், கேட்டதையே திரும்பக் கேட்டான். இரண்டு நிமிஷம் பிந்தியிருந்தால் பிரேதம்தான் கொண்டு வந்திருப்பீர்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தாராம். மற்றக் கட்டில்காரர்களுக்கும் கேட்கும்படி இஸ்ஸதீன் சொன்னார், “இந்தத் தம்பிட சத்தம் கேக்காட்டி எங்கட ஆள் மௌத்து.” சிவலட்சுமி எழும்பி வந்து வீரகத்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள். அவளுடைய கண்ணீர் அவன் விரல்களில் பட்டது, அந்த விரல்களில் இன்னும் ரப்பர்க் கறை போகவில்லை.

அதை அவனால் தாங்க முடியவில்லை. வரிசை, துணிப்பை, பற்றை, சைக்கிள் ரியூப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

இஸ்ஸதீன் கையிலிருந்த தோடம்பழத்தை உருட்டினார்.

“தொண்ணூறுல நாங்க வெளிக்கிடக்குள்ள வாப்பாட மணிக்கூடு ஒண்டு மடியில இருந்திச்சு” என்றார். “மறிச்சுப் பாப்பாங்க எண்டு சொன்னாங்க. நான் அதைக் கிணத்துக்குள்ள போட்டன். கடைசியில என்னை ஒருத்தரும் மறிக்கயில்ல.” பழத்தைக் கட்டிலருகே வைத்தார். “எங்கிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் தம்பி. கொழும்பில இருந்து எடுப்பிச்சிருப்பன். சரி, உசிர் தப்பிட்டுது.”

சிவலட்சுமி கையை விடவில்லை.

“பயம் ஆருக்கில்லை அண்ணை” என்றாள். “நானெண்டாலும் எறிஞ்சிருப்பன். பிழை எண்டு கண்ட உடன நீங்கள் ஓடி வந்தனீங்கள். அது எனக்குக் காணும்.”

அதோடு அவன் வாயை மூடியிருந்தால் மிச்சம் யாருக்கும் தெரிந்திருக்காது. எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். வீட்டுக்குப் போயிருக்கலாம். நேற்றையதைவிட இப்போதுதான் அவனுக்குக் கூடப் பயமாக இருந்தது.

“உடன வரேல்லைத் தங்கச்சி” என்றான்.

“என்ன?”

“பிழை எண்டு எனக்குத் தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகும் அவர் உள்ளுக்கை ஒன்பது தரம் சுரண்டினவர். நான் கேட்டுக்கொண்டு நிண்டனான்.”

சிவலட்சுமி அவனுடைய முகத்தைப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை. அவளுடைய உதடு மெல்ல அசைந்தது. அவள் எண்ணுகிறாள் என்று அவனுக்கு விளங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவதில் அவளுடைய விரல்கள் அவன் கையைவிட்டுக் கழன்றன. ஒன்பதுவரை எண்ணி முடித்தாள். பிறகு கதிரையை இழுத்து, கட்டிலுக்கும் அவனுக்கும் நடுவில் போட்டு, அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

சின்னராசா கண்ணைத் திறக்காமலே கேட்டான், “ஆர், அண்ணையே வந்து நிக்கிறார்?”

“இல்லை” என்றாள் சிவலட்சுமி. “அவர் போயிட்டார்.”

வீரகத்தி கட்டிலின் கால்மாட்டில் அப்படியே நின்றான். பார்வையாளர் நேரம் முடிய இன்னும் கால் மணித்தியாலம் இருந்தது.